பதிதன் என்றொரு வீரன்

கணிப்பொறி விளையாட்டு ஒன்றைத் திறனாய்வு செய்யப் பங்குத்தந்தைக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நூல்களையும் நாடகங்களையும் பற்றி எழுதிப் பழகிய நமக்கும் இது புதிய துறை. எனினும் இன்றைய இளைஞர் பலருக்குக் கதை கேட்கும் திண்ணையும் கூத்துப் பார்க்கும் களமும் கணிப்பொறித் திரையே. அவர்கள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள், எதைக் கண்டு கலங்குகிறார்கள் என்பதை அறியாமல் பீடத்தில் நின்று கண்டனம் மட்டும் கூறுவது மேய்ப்பருக்கு அழகன்று.

நம்மை இதற்குத் தூண்டியவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவருடைய அண்ணன் சில ஆண்டுகளுக்கு முன் இரவு வேளையில் லாரி மோதி உயிரிழந்தார். மோதியவர் நிற்கவில்லை; இன்றளவும் பிடிபடவும் இல்லை. தம்பி திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீடு சந்திக்கச் சென்றபோதெல்லாம் அண்ணன் விட்டுச்சென்ற கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தார். என்ன விளையாடுகிறாய் என்று கேட்டோம். "உங்களுக்குப் பிடிக்காது சாமி. பேரே 'ஹெரெட்டிக்'" என்றார். பதிதன் என்று பொருள்படும் அப்பெயரைக் கேட்டபின் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. மாலை வேளைகள் பலவற்றில் அவர் விளையாட, நாம் பார்த்திருந்தோம். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

விளையாட்டும் அதன் கதையும்

'ஹெரெட்டிக்' 1994 டிசம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரேஃபல் உடன்பிறப்புகள் இருவர் தொடங்கிய ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனம் அதனை ஆக்கியது. டெக்சாஸ் மாநிலத்தின் இட் சாஃப்ட்வேர் வெளியிட்டது. அதற்கு ஓராண்டு முன்னர், 1993 டிசம்பரில், இட் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' உலகெங்கும் பரவியிருந்தது. வீரனின் உருவத்தைத் திரையில் காட்டாமல், அவன் கண் வழியாகவே உலகைக் காட்டி, கையிலுள்ள ஆயுதத்தை மட்டும் திரையின் அடியில் நிறுத்தும் முறையை அது புகழ்பெறச் செய்தது. அதே பொறிநுட்பத்தைப் பெற்று, துப்பாக்கிக்கு மாற்றாக மந்திரக்கோலையும், விண்வெளி நிலையத்துக்கு மாற்றாகக் கோட்டை கொத்தளங்களையும் வைத்துப் படைக்கப்பட்டதே 'ஹெரெட்டிக்'. முதற்பாகத்தை இலவசமாகப் பரப்பிவிட்டு, எஞ்சிய இரு பாகங்களை விலைக்குத் தருவது அக்கால வணிக முறை. 1996-இல் மேலும் இரு பாகங்கள் சேர்ந்தன. 1999-இல் அதன் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டதால் ஆர்வலர் பலர் அதனை அழியாது காத்தனர். 2025 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பே நம் இளைஞரிடம் இருந்தது. நம் திறனாய்வு பழைய மூன்று பாகங்களைப் பற்றியதே.

கதை சுருக்கமானது. பார்தோரிஸ் என்னும் உலகில் சர்ப்பத்தின் மீது ஊர்ந்து வரும் மூவர் தோன்றி, ஏழு அரசர்களைத் தம் மாயத்தால் பொம்மைகளாக்குகின்றனர்; படைகளும் அவர்கள் வயமாகின்றன. அம்மாயத்துக்கு மசியாதவர்கள் எல்ஃப் எனப்படும் ஐரோப்பியப் பழங்கதை மாந்தர் இனம் ஒன்றே. உடனே அவர்கள் பதிதர்கள் எனப் பட்டம் சூட்டப்பட்டு வேட்டையாடப்படுகின்றனர். எல்ஃப்களின் மூப்பர்கள் கொடிய முடிவெடுத்து அரசர்களின் ஆற்றலை வேரறுக்கின்றனர். அரசர்களும் படைகளும் மாள்கின்றனர். ஆனால் அச்செயல் எல்ஃப்களின் ஆற்றலையும் உறிஞ்சிவிட, மூப்பர்கள் கொல்லப்படுகின்றனர். எஞ்சிய ஒருவன் கார்வஸ். மூவருள் ஒருவனான டிஸ்பாரிலைக் கொன்று பழிதீர்க்கச் சூளுரைத்துப் புறப்படுகிறான்.

விவிலியம் அறிந்தவர்க்கு இக்கதையின் நிறங்கள் எங்கிருந்து வந்தவை என்பது விளங்கும். தொடக்கநூலின் பாம்பும், திருவெளிப்பாட்டின் பதினேழாம் அதிகாரத்தில் விலங்கின் ஏழு தலைகளாகக் காட்டப்படும் ஏழு அரசர்களும் இங்கு எதிரொலிக்கின்றனர். இலத்தீன் மொழியில் கார்வஸ் என்பது அண்டங்காக்கை. ரேவன் என்னும் ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. ஆக்கியோர் தம் பெயரையே வீரனுக்கு இட்டு மகிழ்ந்திருக்கின்றனர்.

பெயரைக் கண்டு அஞ்சலாமா?

தலைப்பைக் கண்டதும் முகம் சுளிக்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். 'ஹெரெசி' என்னும் சொல்லின் கிரேக்க வேர் 'தெரிவு' என்று பொருள்படும். முழு உண்மையில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்துப் பிறவற்றைத் தள்ளுவதே தப்பறை எனத் திருச்சபை கற்பித்தது. அக்கற்பிதம் இன்றும் செல்லும். ஆயினும் அப்பட்டத்தைச் சூட்டிய கைகள் எல்லாம் தூயவையல்ல. 1431-இல் ரூவான் நகரில் பதிதை எனத் தீர்ப்பிட்டு எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க், 1456-இல் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டு, 1920-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். நம் முன்னோர் பதிதர் என்று அழைத்த சீர்திருத்த சபையாரை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் பிரிந்த சகோதரர் என்று அழைத்தது. உண்மையின் பெயரால் இழைக்கப்பட்ட வன்முறைகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12-இல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

இந்த விளையாட்டில் பதிதன் எனும் பெயரைச் சூட்டுவோர் கொடுங்கோலரே. பணிய மறுத்தவனே பதிதன். ஆதிக் கிறிஸ்தவர்களை உரோமை மக்கள் நாத்திகர் என்று தூற்றியதை நினைவுகூர்வோர்க்கு இதில் இடறலுக்கு இடமில்லை. ஆகவே பெயரளவில் இவ்விளையாட்டின் மீது நமக்கு வழக்கில்லை. வழக்கு வேறோரிடத்தில் உள்ளது.

காட்சியின் ஆற்றல்

முதலில் பாராட்டுக்கு உரியதைப் பாராட்டுவோம். 'டூம்' விளையாட்டில் தலை நிமிரவும் குனியவும் இயலாது. நேரே நோக்கியே ஓடவேண்டும். மேலும் கீழும் நோக்கும் வசதியை ரேவன் கலைஞர்கள் இதில் சேர்த்தனர். பையில் பொருள்களைச் சேர்த்துவைத்து வேண்டும்போது எடுத்தாளும் முறையும், சிறகு பெற்றுப் பறக்கும் ஆற்றலும் வந்தன. எங்கோ எழும் ஓசைகள் காதில் விழுகின்றன. காற்றும் நீரோட்டமும் ஆளை இழுக்கின்றன. துறைமுகத்தில் தொடங்கும் பயணம் நிலவறை, காவற்கோபுரம், கோட்டை, பேராலயம், கல்லறைக் குகை என்று இறங்கி நரகத்தின் வாயை அடைகிறது. நரகத்தை ஒரு பெருவிலங்கின் பிளந்த வாயாகத் தீட்டிய இடைக்கால ஓவியர்களின் பரம்பரை இங்குத் தொடர்கிறது.

நகையுணர்வும் உண்டு. எதிரியைக் கோழியாக மாற்றும் மந்திர முட்டை ஒன்று உள்ளது. 'டூம்' விளையாட்டில் சாகாவரம் தரும் இரகசியச் சொல்லை இதில் தட்டச்சு செய்பவன் அக்கணமே மாள்வான். ஆயுதங்களைத் தரும் சொல்லைத் தட்டினால் உள்ள ஆயுதமும் பறிபோகும். குறுக்குவழி தேடுபவனுக்கு இதைவிடச் சிறந்த மறைக்கல்விப் பாடம் உண்டோ!

இவ்வாறு கண்ணையும் செவியையும் பிணித்து, 'நீயே அங்கு நிற்கிறாய்' என்று நம்பச் செய்யும் கலை நமக்கு அந்நியமன்று. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் தியானிக்கும் காட்சியின் இடத்தை முதலில் உள்ளத்தில் அமைத்துக்கொள்ளச் சொல்கிறார். முதல் வாரத்தின் ஐந்தாம் பயிற்சியில் நரகத்தையே ஐம்புலன்களாலும் உணரச் செய்கிறார்: நெருப்பைக் காண், ஓலத்தைக் கேள், நாற்றத்தை முகர், கசப்பைச் சுவை, வெப்பத்தைத் தொடு என்கிறார். குருமடத்தில் மௌனத் தியானத்தின்போது இப்பயிற்சியைச் செய்த இரவு நமக்கு இன்றும் மறக்கவில்லை. முறையளவில் இஞ்ஞாசியாரும் இவ்விளையாட்டும் அண்டை வீட்டார் எனலாம். ஆனால் நோக்கத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றனர். இதுவே நம் திறனாய்வின் மையம்.

எவருடைய நரகம்?

இஞ்ஞாசியாரின் நரகத்தில் நான் காண்பது என் பாவத்தின் முடிவை. அங்கு நிற்க நேர்ந்திருக்கக்கூடியவன் நானே. என்னைத் தாங்கிய இரக்கத்தை எண்ணி நன்றி கூறியே தியானம் முடிகிறது. 'ஹெரெட்டிக்' காட்டும் நரகமோ பிறருடைய நாடு. கார்வஸ் அதனுள் நுழைவது தன்னை அறிவதற்காக அல்ல. பகைவர் எங்கிருந்து வந்தனரோ அவ்வூற்றையே அடைப்பதற்காக. தீமை முழுவதும் அவன் கண்ணுக்கு முன்னே நிற்கிறது. கண்ணுக்குப் பின்னே ஒன்றுமில்லை. வீரனின் முகத்தையே காட்டாத இக்காட்சி முறை அதற்கு வெகுவாகத் துணைசெய்கிறது. மூப்பர்கள் செய்த கொடுஞ்செயலை, அதாவது மாயத்தில் சிக்கிப் பொம்மைகளாய் இருந்த படைகளைக் கூண்டோடு மாய்த்ததை, கதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதன் பாரத்தை எவரும் சுமக்கவில்லை.

அடுத்த குறை தனிமை. தனியே ஆடுவோர்க்கு மூன்று பாகங்களிலும் பேசத்தக்க ஓர் உயிர் இல்லை. காப்பாற்ற ஒரு குழந்தையில்லை. தண்ணீர் கேட்கும் ஒரு முதியவரில்லை. அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயில்லை. பேராலயம் என்று பெயரிட்ட மண்டபத்தில் வண்ணக் கண்ணாடிகள் உண்டு. வழிபடும் மக்கள் இல்லை. எந்த மக்களுக்காகப் போர் தொடங்கியதோ அம்மக்கள் அப்போரில் காணப்படவே இல்லை. பழியுணர்வு ஓர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டால் நிகழ்வதும் இதுதானே? இழந்தவர்மீது கொண்ட அன்பில் தொடங்குகிறது. நாளடைவில் இழந்தவர் மறைந்து, எதிரி ஒருவனே எஞ்சுகிறான்.

மூன்றாவது கணக்குப் பார்த்தல். ஒவ்வொரு தளத்தின் முடிவிலும் திரையில் ஒரு பட்டியல் எழுகிறது: கொன்றவர் எத்தனை பேரில் எத்தனை, எடுத்த பொருள் எத்தனை, கண்ட இரகசிய இடம் எத்தனை, செலவான நேரம் எவ்வளவு. இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யுமாறு நம் மக்களுக்குச் சொல்லி வருகிறோம். இதுவும் ஒருவகை ஆன்ம சோதனையே. ஆனால் கேள்விகள்தாம் வேறு. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் எல்லாரையும் கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாவியைக் கண்டெடுத்துக் கதவைத் திறந்து வெளியேறிவிடலாம். ஆனால் பட்டியல் நம்மை விடுவதில்லை. நம் இளைஞர் வாசலை அடைந்தபின்பும் திரும்பிச் சென்று எஞ்சியவற்றைத் தேடினார். ஏன் என்று கேட்டோம். "ஒண்ணைக்கூட விடக்கூடாது சாமி" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

பொறிநுட்பத்தின் வரம்பால் நேர்ந்த ஒரு காட்சி எம்மை வெகுவாகப் பாதித்தது. அவ்வரக்கர்கள் தட்டையான ஓவியங்கள். உயிரோடு உலவும்போது பல கோணங்களில் வரையப்பட்டிருக்கின்றனர். வீழ்ந்தபின்னோ ஒரே ஓவியம்தான். ஆகவே பிணத்தை எப்பக்கமாகச் சுற்றி வந்தாலும் அது நம்மை நோக்கியே கிடக்கும். ஆக்கியோர் இதனை எண்ணிச் செய்யவில்லை; நினைவகத்தைச் சிக்கனப்படுத்தினர், அவ்வளவே. ஆனால் பழிதீர்த்தவன் உள்ளத்தின் நிலையை இதைவிடத் துல்லியமாக எந்தக் கவிஞர் தீட்டக்கூடும்?

நடுநிலைமை தவறாதிருக்க மற்றொன்றும் கூற வேண்டும். இவ்வாக்கியோரே 1995-இல் வெளியிட்ட 'ஹெக்சன்' என்னும் அடுத்த படைப்பு ஓரடி முன்னேறியது. அதில் படை, திருச்சபை, மந்திரக் கலைக்கழகம் ஆகிய மூன்றின் தலைவர்களும் தீய சக்திக்கு விலைபோகின்றனர். போர்வீரன், குருவானவன், மந்திரவாதி என்னும் மூவருள் ஒருவனாக நாம் ஆடலாம். குருவானவனாக ஆடுபவன் தன் சபைத் தலைவனையே எதிர்கொள்ள நேர்கிறது. இதைத் திருச்சபைக்கு இழுக்கு என்று கொள்வோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. மந்தைக்குள் ஓநாய் புகும் என ஆண்டவரே எச்சரித்தார்; நம் காலத்திலும் அதனைக் கண்டு தலைகுனிந்திருக்கிறோம். தீமை வெளிநாட்டுச் சரக்கன்று, நம் வீட்டிலும் விளையும் என்று 'ஹெக்சன்' அறிந்திருக்கிறது. அது நம் நெஞ்சிலும் விளையும் என்னும் அடுத்த அடியை மட்டும் அதுவும் எடுத்துவைக்கவில்லை.

முடிவில் எழும் வினா

இத்தனை குறைகளுக்கும் இடையில் 'ஹெரெட்டிக்' ஓரிடத்தில் உண்மை பேசிவிடுகிறது. அது ஒவ்வொரு பாகத்தின் இறுதியிலும் திரையில் தோன்றும் சிறிய உரைப் பகுதி. முதற்பாகம் முடிந்ததும் அரக்கர் ஒழிந்தனர், வீடு திரும்பலாம் என்று நினைக்கிறோம். அவர்கள் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே என்ற ஐயம் எழுந்து, கார்வஸ் நரக வாயினுள் இறங்குகிறான். இரண்டாம் பாகம் முடிந்து கதவு திறக்க, வீட்டுக்கு வழி இதுவே என நம்பிக் காலடி வைக்கிறான். வானம் இருக்கவேண்டிய இடத்தில் பளிங்குக் கூரை கவிந்திருக்கிறது. அண்ணாந்து நோக்கும் ஆற்றலை வீரனுக்குத் தந்த விளையாட்டு, அவன் நோக்கும் திசையில் வானத்தை மறைத்துவிட்டது!

மூன்றாம் பாகத்தின் இறுதியில் டிஸ்பாரில் முதலில் சர்ப்பத்தின் மீதும், அது வீழ்ந்தபின் தனித்து நின்றும் போரிட்டு மடிகிறான். சூளுரை நிறைவேறியது. நம் இளைஞர் மூன்று மாலைகள் முயன்று அதனை முடித்தார். மின்விசிறியின் ஓசையைத் தவிர வேறு ஒலியில்லை. திரையில் உரை எழுந்தது. பழி தீர்ந்தது, பகைவனின் மாளிகை தகர்ந்தது, வீரன் தன் உலகம் திரும்புகிறான் என்று சொல்லிவந்த அந்த உரை, திடீரென வீரனைப் பார்த்தே வினவுகிறது: எல்லாம் முடிந்தும் உனக்கு ஏன் அச்சம் தீரவில்லை? பகைவனின் கடைசிக் கூக்குரல் வெறும் ஓலந்தானா, சாபமா, வேறு எவரையோ அழைத்த அழைப்பா? எஞ்சிய இருவர் எங்கே?

இரக்கமற்ற வணிக நோக்கில் பார்த்தால், அடுத்த படைப்பை விற்பதற்கான தூண்டில் இது என்று தள்ளிவிடலாம். தூண்டில்தான், மறுக்கவில்லை. ஆனால் சொன்னவர் நோக்கம் எதுவாயினும் சொல்லப்பட்டது மெய். பழி தீர்த்தவனுக்கு அமைதி கிட்டுவதில்லை. காயினுக்குக் கிட்டவில்லை. லாமேக்கு எழுபத்தேழு மடங்கு பழி பேசினான், அவனுக்கும் கிட்டவில்லை. எழுபது தடவை ஏழு முறை மன்னிக்குமாறு ஆண்டவர் பேதுருவுக்குக் கூறியது அந்தப் பழங்கணக்கைத் தலைகீழாக்கவே என்பது விவிலிய அறிஞர் பலர் காட்டும் விளக்கம். பழியைத் தம்மிடம் விட்டுவிடுமாறு இறைவன் கேட்பதாகப் பவுலடியார் உரோமையருக்கு எழுதுவதும், நீதி வேண்டாம் என்பதற்காக அன்று. நீதி வேண்டும், வழக்கு நடக்க வேண்டும், குற்றவாளி பொறுப்பேற்க வேண்டும். ஆனால் பழியின் பாரத்தைச் சுமந்து நடக்க மனிதத் தோள் போதாது. அதனை இறக்கிவைக்க ஓரிடம் வேண்டும். கார்வஸுக்கு அப்படி ஓரிடம் இல்லை. அவனைப் படைத்தவர்கள் அவனுக்கு எட்டு ஆயுதங்களைத் தந்தனர். ஒரு நண்பனைத் தரவில்லை.

இளைஞர் உரையை இருமுறை படித்தார். கணிப்பொறியை நிறுத்தினார். நாம் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் மறையுரையாகிப் போயிருக்கும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "எல்லாத்தையும் கொன்னாச்சு சாமி. இவனுக்கு மட்டும் ஏன் இன்னும் பயமா இருக்கு?" என்று கேட்டார். இவனுக்கு என்று அவர் கூறியது எவரை என்று நாம் விசாரிக்கவில்லை.

பெற்றோர்க்கு நம் கருத்து இது. சிறு பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு ஏற்றதன்று. குருதியும் கொலையும் நிறைந்தது. வளர்ந்தோர் ஆடுவதை நாம் பாவமெனச் சொல்லத் துணியோம். ஆனால் அவர்கள் ஆடும்போது அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும். வீரனுக்கு இல்லாதது ஆடுபவருக்கேனும் இருக்கட்டும். எதை விளையாடுகிறாய் என்று கேட்பதோடு, ஒன்றையும் விடக்கூடாது என்று நீ ஏன் தேடுகிறாய் என்றும் கேட்க ஒருவர் வேண்டும். விடை அன்றே வராது. வரும்வரை அமர்ந்திருப்பதே நம் பணி.

சென்ற மாதம் அந்த இளைஞர் அறைவீட்டுக்கு வந்தார். அண்ணனின் நினைவுநாளுக்குப் பூசைக் கருத்து எழுதவேண்டும் என்றார். அண்ணனின் பெயரை எழுதி முடித்தபின்பும் அகலாமல் நின்றார். பிறகு தயங்கியவாறு, "அந்த லாரிக்காரருக்காகவும் மன்றாடணுமா சாமி?" என்றார்.

"உன்னால் முடிகிற அன்றைக்கு வா தம்பி. அவர் பேரு நமக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்" என்றோம்.

குறிப்பேட்டில் அண்ணனின் பெயருக்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.